ரூபிளை விட்டுவிட்டு ருஷ்ய நாவலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ருஷ்ய நாவல்களைப் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். நல்ல தமிழ், நல்ல எண்ணம், குறை சொல்ல மனசில்லை. ஆனாலும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அந்த ஒரு பக்கத்தில் பனி இருந்தது, கடவுள் இருந்தார், பாவம், மன்னிப்பு, துயரம் எல்லாம் இருந்தன. ஒரு ரூபிள்கூட இல்லை. கடன், வட்டி, சம்பளம், அடமானம், பாகப்பிரிவினை எதுவும் இல்லை. இவற்றைத் தள்ளிவிட்டு அந்த நாவல்களில் மிச்சம் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. 'ஆழ்ந்த தத்துவப் பயிற்சி உள்ளவர்களுக்கே இவை வசப்படும்' என்று வேறு கட்டுரையாளர் முடித்திருந்தார். அந்த வரிக்குத்தான் இந்தக் கடிதம்.

நான் செங்கோட்டையில் பத்திர எழுத்தராக இருந்து ஓய்ந்தவன். எங்கள் ஊர் முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. அதனால் பார்ட்டிகள் மூலப் பத்திரம் என்று டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வருவதில் பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டு போட்டு இருக்கும். அதைப் படிப்பதற்காகக் கற்றுக்கொண்ட மலையாளம் அப்புறம் கதை படிக்கவும் உதவியது. ருஷ்யப் புத்தகங்கள் தமிழில் மாஸ்கோவிலிருந்தே அச்சாகி, கெட்டி அட்டையோடு, டீ வடைக் காசுக்குக் கிடைத்த காலம் அது. மலைக்கு அந்தப் பக்கம் புனலூர் போனால் இதே புத்தகங்கள் மலையாளத்தில். 'போரும் அமைதியும்' நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்த டி.எஸ். சொக்கலிங்கம் எங்களுக்குப் பக்கத்து ஊரான தென்காசிக்காரர் என்பதில் இங்கே எல்லோருக்கும் ஒரு பெருமை உண்டு. படித்தவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்கக் கூடாது.

எனக்குத் தத்துவப் பயிற்சி கிடையாது. வில்லங்கம் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே கோகலுக்குள் சிரமமில்லாமல் நுழைந்தேன். 1842இல் வந்த 'இறந்த ஆன்மாக்கள்' நாவலைப் பற்றிக் கட்டுரையாளர் 'ருஷ்ய ஆன்மாவின் வெறுமை' என்று ஒரு வரி எழுதிக் கடந்துவிட்டார். அடிப்படையில் அது ஒரு மோசடிப் பத்திரத்தின் கதை. நிலப்பிரபுவிடம் எத்தனை ஆண் பண்ணையாட்கள் இருக்கிறார்களோ அத்தனை தலைக்கு வரி. தலைக்கணக்கு பல வருஷத்துக்கு ஒருமுறைதான் எடுப்பார்கள். நடுவில் செத்தவன் அடுத்த கணக்கெடுப்பு வரை காகிதத்தில் உயிரோடு இருப்பான், அவனுக்கும் வரி கட்டியாக வேண்டும். சிச்சிகவ் என்ற ஆள் ஊர் ஊராக வண்டி கட்டிப் போய் இந்தச் செத்தவர்களை விலைக்குக் கேட்கிறான். வாங்கி, உயிருள்ளவர்கள் மாதிரி காட்டி, அரசாங்க நிதியிலிருந்து தலைக்கு 200 ரூபிள் அடமானக் கடன் வாங்கிவிடுவது திட்டம்.

சொபகேவிச் என்ற பண்ணையார் செத்தவனுக்குத் தலைக்கு நூறு ரூபிள் கேட்கிறார். 'அவன் எப்பேர்ப்பட்ட தச்சன் தெரியுமா, இவன் தைத்த செருப்பு தெரியுமா' என்று பிணத்துக்குக் கியாரண்டி கொடுக்கிறார். பேரம் கடைசியில் இரண்டரை ரூபிளில் முடிகிறது. அதோடு விட்டாரா? ஆண்களின் பட்டியலில் எலிசவெத்தா என்று ஒரு பெண்ணின் பெயரைச் சொருகி, ஆண் பெயர் மாதிரி தெரியும்படி கடைசி எழுத்தை மாற்றி வைக்கிறார். பத்திர எழுத்தராக வேலை பார்த்த எவரும் அந்த இடத்தில் சிரிக்காமல் இருக்க முடியாது. அட்டவணையில் சர்வே நம்பருக்கு நடுவே பக்கத்து வயலின் உட்பிரிவு ஒன்றை நைசாக ஏற்றி எழுதச் சொல்லும் ஆட்கள் எங்கள் மேஜைக்கும் வந்திருக்கிறார்கள்.

அதற்கப்புறம் பதிவு அலுவலகக் காட்சி. சிச்சிகவ் குமாஸ்தாவின் முன்னால் ஒரு நோட்டை வைக்கிறான். குமாஸ்தா அதைப் பார்க்கவே இல்லை. பார்க்காமலே ஒரு புத்தகத்தை எடுத்து அதன்மேல் வைத்து மூடிவிடுகிறார். சிச்சிகவ் சுட்டிக்காட்டப் போகிறான், வேண்டாம் என்று தலையசைக்கிறார். தலைமை அதிகாரி சிச்சிகவின் நண்பர் என்பதால் அவனிடம் பாதிக் கட்டணம்தான் வாங்குகிறார்கள். மீதிப் பாதி எப்படியோ வேறு யாரோ ஒரு மனுதாரர் கணக்கில் ஏறிவிடுகிறது. அந்த இன்னொரு மனுதாரர் யார் என்று கோகல் சொல்லவே இல்லை. நான் அவரைப் பல தடவை பார்த்திருக்கிறேன். வேட்டியை மடித்துக் கட்டி, மஞ்சள் பையோடு, காலையிலிருந்து வரிசையில் நிற்பார். எந்த ஊர், எந்த அலுவலகம் என்று நான் சொல்லவில்லை. எல்லா ஊரிலும் அவர் உண்டு.

செத்தவர்கள் காகிதத்தில் வாழ்வது நமக்கென்ன புதுசா? தாத்தா போய் ஒரு தலைமுறை ஆன பிறகும் பட்டா அவர் பெயரிலேயே கிடக்கும் வீடுகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. ஒருமுறை ஒருவர் பவர் பத்திரத்தோடு வந்து கிரயம் எழுதச் சொன்னார். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தப் பவர் செல்லாது. "அவரு இருக்காரா?" என்று கேட்டேன். "இருக்காரு அண்ணாச்சி, படுத்த படுக்கையா இருக்காரு" என்றார். அவர் சாய்ந்து நின்ற டீக்கடைச் சுவரில், அவர் தோளுக்கு மேலே, அதே மனிதரின் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பசை காயாமல் ஒட்டியிருந்தது. நான் போஸ்டரைப் பார்த்தேன். அவரும் திரும்பிப் பார்த்தார். "அது வேற ஆளு" என்றார். எழுதிக் கொடுக்கவில்லை. வேறு மேஜையில் நடந்ததா என்று விசாரிக்கவும் இல்லை.

இதில் சிரிப்பு மட்டும்தான் இருக்கிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சிச்சிகவின் மோசடி எதன்மேல் நிற்கிறது? மனிதனை விற்கலாம், அடமானம் வைக்கலாம் என்ற சட்டத்தின் மேல். ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் பண்ணையடிமைகளை விடுவித்தது 1861இல். திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்து அரச விளம்பரம் வந்தது 1855இல். அதாவது எங்கள் ஊர் அவர்களுக்கு ஆறு வருஷம் முந்தி. அதற்கு முன்னால் இங்கேயும் ஆளை விற்று ஓலை எழுதியிருக்கிறார்கள். நாஞ்சில் நாட்டு முதலியார் ஓலைகளில் அத்தகைய அடிமை ஓலைகள் கிடைத்திருக்கின்றன. அதை எழுதியவர்களும் என் தொழில்காரர்கள்தான். ஆட்களின் பெயரை, நாலெல்லை எழுதுவது போல, கை நடுங்காமல் எழுதியிருப்பார்கள். கோகலை இந்த மண்ணில் இருந்துகொண்டு வாசிக்க வெறுமை, ஆன்மா என்ற வார்த்தைகள் எதற்கு?

தஸ்தயேவ்ஸ்கிக்கு வருகிறேன். 1866இல் வந்த 'குற்றமும் தண்டனையும்' நாவலில் ரஸ்கோல்னிகவ் முதல் அத்தியாயத்திலேயே அடகுக்காரக் கிழவியின் வீட்டுக்குப் போகிறான். தன் வீட்டு வாசலிலிருந்து அங்கே சரியாக 730 காலடி என்று எண்ணி வைத்திருப்பவன். கையில் அப்பாவின் பழைய வெள்ளிக் கடிகாரம். நாலு ரூபிள் கேட்கிறான். ஒன்றரை ரூபிள்தான் என்கிறாள் கிழவி. வட்டி ரூபிளுக்கு மாதம் பத்துக் கோபெக் (நூறு கோபெக் ஒரு ரூபிள்), முன்கூட்டியே பிடித்தம். ஆக இதற்குப் பதினைந்து கோபெக். முன்பு கொடுத்த இரண்டு ரூபிளுக்கு இருபது. மொத்தம் முப்பத்தைந்து கழித்து, இந்தா ஒரு ரூபிள் பதினைந்து கோபெக் என்று எண்ணி வைக்கிறாள். ரூபிளுக்குப் பத்துக் கோபெக் என்றால் நம்மூர்ப் பேச்சில் பத்து வட்டி. பத்தாயிரம் கேட்டால் முதல் மாத வட்டி போக ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுக்கும் அதே பத்து வட்டி. தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது 2003இல். வட்டி பிடித்த கையால் கிழவி காசை எண்ணும் அந்தப் பத்தியைப் புரிந்துகொள்ள எந்தத் தத்துவப் பயிற்சி வேண்டும்?

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் அவன் அம்மாவின் கடிதம். விதவைப் பென்ஷன் வருஷத்துக்கு 120 ரூபிள். அதை ஈடுகாட்டி ஒரு வியாபாரியிடம் 15 ரூபிள் வாங்கிப் பையனுக்கு அனுப்பியவள், கடன் அடையும்வரை பென்ஷன் வியாபாரி கைக்குப் போகிறது என்று எழுதுகிறாள். இங்கே ஏடிஎம் கார்டையும் ரகசிய எண்ணையும் வட்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு, மாசம் பிறந்தால் மிச்சத்துக்கு அவர் கடையில் போய் நிற்கும் பென்ஷன்காரர்களை எனக்குத் தெரியும். தன்னை நெப்போலியன் மாதிரி நினைத்து அந்தக் கிழவியைக் கொல்லும் ரஸ்கோல்னிகவின் மண்டைக்குள் ஓடிய நெப்போலியனைப் பற்றிக் கட்டுரையாளர் இரண்டு பத்தி எழுதியிருந்தார். சரி, எழுதட்டும். அந்த நெப்போலியன் உள்ளே நுழைந்த நேரத்தில் வீட்டு வாடகை பாக்கி, வயிறு காலி, தங்கை குடும்பத்துக்காகப் பிடிக்காத ஒருவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறாள். இதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

தஸ்தயேவ்ஸ்கிக்கு இந்தக் கணக்கெல்லாம் எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது என்றால், அவரே கழுத்தளவு கடனில் கிடந்தவர். அண்ணன் மிகயீல் 1864இல் இறந்தபோது பத்திரிகை நடத்திப் பட்ட கடனைத் தம்பி தலையில் ஏற்றிக்கொண்டார். அடுத்த வருஷம் ஸ்தெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் 3000 ரூபிளுக்கு ஒரு ஒப்பந்தம் போட்டார். அதில் ஒரு ஷரத்து: 1866 நவம்பர் 1க்குள் புது நாவல் ஒன்று தராவிட்டால், அடுத்த ஒன்பது வருஷம் அவர் எழுதுவதையெல்லாம் பதிப்பாளர் காசு தராமல் போட்டுக்கொள்ளலாம். என் அனுபவத்தில் இப்படி ஒரு ஷரத்தை எழுதச் சொல்லி யாரும் வந்ததில்லை. வந்திருந்தால் கையெழுத்துப் போடுபவரைத் தனியே கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அக்டோபர் வரை ஒரு வரி எழுதவில்லை. அப்புறம் அன்னா என்ற சுருக்கெழுத்துப் பெண்ணை அமர்த்தி, 26 நாளில் 'சூதாடி' நாவலைச் சொல்லி முடித்தார். கொண்டுபோனால் பதிப்பாளர் ஊரில் இல்லை. வேண்டுமென்றே கிளம்பிப் போயிருக்கிறார். கையெழுத்துப் பிரதியை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து, தேதி போட்டு ரசீது வாங்கிக்கொண்டு தப்பினார். இலக்கியக்காரர்களுக்கு இதில் காதல் கதை தெரிகிறது, அவர் அடுத்த வருஷமே அன்னாவைக் கட்டிக்கொண்டதால். பெரும்படவம் ஸ்ரீதரன் இதை வைத்து மலையாளத்தில் எழுதிய நாவலைக் கேரளத்தில் வாங்கித் தீர்த்தார்கள். எனக்கு அதில் பிடித்தது ரசீதுதான்.

அந்த 3000 என்ற தொகையைக் கவனியுங்கள். 1880இல் முடிந்த 'கரமசோவ் சகோதரர்கள்' முழுக்க அதுதான் ஓடுகிறது. மூத்தவன் மீத்யாவிடம் அவனுக்கு நிச்சயமான காத்தரீனா தபாலில் அனுப்பச் சொல்லிக் கொடுத்தது 3000. அப்பன் உறையில் போட்டு ஒரு பெண்ணுக்காக ஒளித்து வைத்ததும் 3000. மீத்யா ஊருக்கு வருவதே அம்மாவழிச் சொத்துக் கணக்கைத் தீர்க்க. கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியதிலேயே உன் பங்கு தீர்ந்துவிட்டது, எனக்குத்தான் பாக்கி என்று கையை விரிக்கிறான் அப்பன். சண்டை அங்கே தொடங்கிக் கொலையில் போய் நிற்கிறது. கடவுள் உண்டா இல்லையா என்று இரண்டாமவன் இவான் பேசும் பெரிய பேச்செல்லாம், பாகப்பிரிவினை முடியாத ஒரு வீட்டில் பிறந்த பிள்ளையின் பேச்சு. எங்கள் அலுவலக வாசலில் அண்ணன் தம்பி வாரிசுச் சான்றோடு அடித்துக்கொள்ளும்போது ஆளுக்கொரு பக்கம் சாமியை இழுத்துச் சத்தியம் செய்வார்கள். இவானின் அளவுக்குப் பேச வராது, ஆனால் கேள்வி ஏறக்குறைய அதே கேள்விதான்.

டால்ஸ்டாயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனிதனுக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்ற அவருடைய கதையைப் பள்ளிக்கூட மேடைகளில் சொல்லிச் சொல்லிச் சாறு பிழிந்தாகிவிட்டது. அதைவிட 'அன்னா கரீனினா'வில் மரம் விற்கும் இடத்தைப் படிக்கச் சொல்லுங்கள். ஒப்லான்ஸ்கி மனைவியின் காட்டை ஒரு வியாபாரிக்கு 38,000 ரூபிளுக்கு, அதுவும் தவணையில் விற்கிறான். மரத்தை எண்ணினாயா என்று கேட்கிறான் அவன் நண்பன் லெவின். மரத்தை எவனாவது எண்ணுவானா என்று சிரிக்கிறான் ஒப்லான்ஸ்கி. வியாபாரி எண்ணியிருப்பான், நீ அவனுக்கு முப்பதாயிரம் சும்மா தூக்கிக் கொடுத்தாய் என்கிறான் லெவின். ஒரு வர்க்கம் எப்படி அழிந்தது என்பதை அந்த ஒரு உரையாடலிலேயே தெரிந்துகொள்ளலாம். மேற்கு மலையடிவாரத்தில் மா, தென்னந்தோப்புகளைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்கள் கண்டிப்பாகப் படிக்க வேண்டும்.

எல்லைக்காரர்களுக்கு என்றே எழுதிய மாதிரி செகாவின் கதை ஒன்று உண்டு, 1887இல் வந்த லாட்டரிச் சீட்டுக் கதை. தமிழ்நாட்டில் லாட்டரியை 2003இல் நிறுத்திவிட்டார்கள், கேரளத்தில் அது அரசே நடத்தும் தொழில். ஆகவே செங்கோட்டையிலிருந்து புளியரை தாண்டி மலையேறிக் கோட்டைவாசலில் இறங்கினால் சீட்டுக்கடை. ஓணம் பம்பர் சமயத்தில் பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. ஒரு ஓணத்துக்குச் செங்கல் சூளைத் தொழிலாளிகள் ஐந்து பேர் ஆளுக்கு நூறு போட்டு ஐந்நூறு ரூபாய்ச் சீட்டு ஒன்று வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்கள். விழுந்தால் எப்படிப் பிரிப்பது என்று முத்திரைத்தாளில் எழுத வேண்டுமாம். முதல் பரிசு 25 கோடி. சமபங்கு என்று எழுதத் தொடங்கினேன். சீட்டு வாங்கப் போய்வந்தவருக்குக் கூடுதலாக ஏதாவது உண்டா என்று ஒருவர் கேட்டார். "பஸ் சார்ஜ் குடுத்தாச்சுல்லா?" என்றார் இன்னொருவர். சீட்டு யார் வீட்டில் இருப்பது என்பதில் குரல் உயர்ந்தது. ஒருவருடைய மச்சான் ஏற்கெனவே ஜெயிலுக்குப் போனவர் என்ற தகவல் வெளியே வந்தது. நான் பேனாவை மூடி வைத்துவிட்டு டீ சொன்னேன்.

செகாவின் கதையில் கணவனும் மனைவியும்தான். சீட்டு வரிசை 9499, எண் 26. பேப்பரில் வரிசை எண் பொருந்திவிடுகிறது. பரிசு 75,000 ரூபிள். கடைசி எண்ணை உடனே பார்க்காமல், கொஞ்ச நேரம் ஆசையை அனுபவிப்போம் என்று உட்காருகிறான் இவான் திமீத்ரிச். நிலம், வீடு, வெளிநாட்டுப் பயணம் என்று போகிறது நினைப்பு. அப்புறம் பயணத்தில் கூட வரும் மனைவி செலவுக்குக் கணக்குக் கேட்பாளே என்று தோன்றுகிறது. சீட்டு அவளுடையது. அவளுக்குக் கிழடு தட்டிவிட்டது, வேறு ஒருத்தியைக் கட்டிக்கொள்ளலாமே என்று நினைக்கிறான். அவள் சொந்தக்காரர்கள் பல்லிளித்துக்கொண்டு வந்து நிற்பார்கள் என்று நினைக்கிறான். அவன் பார்வையிலிருந்தே அவளுக்கும் புரிந்துவிடுகிறது. என் பணத்தில் கை வைக்கப் பார்க்கிறாயா என்று அவள் கண் சொல்கிறது. கடைசியில் பேப்பரைப் பிரித்தால் எண் 46. பணம் கைக்கு வரவே இல்லை, ஆனால் அறை குறுகிவிட்டது, சாப்பிட்டது வயிற்றில் கனக்கிறது, வீட்டில் எதைப் பார்த்தாலும் எரிச்சல். நாலைந்து பக்கம்தான் கதை. குடும்பம், ஆசை, வெறுப்பு என்று அதில் எத்தனையோ கருப்பொருள் பேசலாம். அத்தனைக்கும் தொடக்கம் ஒரு சீட்டு நம்பர். ஐந்து சூளைத் தொழிலாளிகளிடம் இந்தக் கதையை வாசித்துக் காட்டினேன். மச்சான் விவகாரத்தில் முறைத்துக்கொண்டு நின்றவர்தான் முதலில் சிரித்தார்.

யதார்த்தவாதம் என்றால் என்ன என்று கட்டுரையில் ஒரு கட்டம் போட்டு வரையறை கொடுத்திருந்தீர்கள். பீட்டர் மன்னர் 1722இல் அரசு ஊழியர்களைப் பதினான்கு படிகளாகப் பிரித்தார் என்பதையும், கோகலின் 'மேல்கோட்டு' கதையில் அக்காக்கி ஒன்பதாம் படியில் வருஷத்துக்கு 400 ரூபிள் சம்பளத்தில் இருக்கிறான் என்பதையும், புதுக் கோட்டுக்கு அவன் தேற்ற வேண்டியிருந்த தொகை 80 ரூபிள் என்பதையும் அந்தக் கட்டத்தில் போட்டிருந்தால் போதும். வருஷச் சம்பளத்தில் ஐந்தில் ஒன்று ஒரு கோட்டுக்கு. அதற்காக ராத்திரி டீயை நிறுத்துகிறான், மெழுகுவத்தியை நிறுத்துகிறான், செருப்பின் அடி தேயாமல் இருக்கத் தெருவில் நுனிக்காலில் நடக்கிறான். அந்தக் கோட்டு திருடு போகும்போது எவ்வளவு திருடு போனது என்று வாசகனே கணக்குப் போட்டுக்கொள்வான்.

தத்துவம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாராவது பதில் கடிதம் எழுதுவார்கள், தெரியும். தாராளமாகப் பேசுங்கள். ஆனால் புதிதாக வாசிக்க வருகிற பிள்ளைகளை வாசலிலேயே பயமுறுத்தாதீர்கள். எங்கள் ஊர் நூலகத்தில் இந்தப் புத்தகங்கள் எல்லாம் இருக்கின்றன. பத்திரம் எழுத வந்து காத்திருக்கும் பையன்களிடம் நான் சொல்லி அனுப்பியவர்களில் பலர் திரும்பி வந்து அடுத்தது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். வட்டி, அடமானம், அரசாங்க அலுவலகம் மூன்றும் தெரிந்தவனுக்கு ருஷ்ய நாவலில் அந்நியமாக இருப்பது பெயர்கள் மட்டும்தான். அதுவும் ஐம்பது பக்கத்தில் பழகிவிடும்.

வரும் ஞாயிறு செகாவின் 'நெல்லிக்காய்' கதையைப் பற்றிக் கட்டுரை வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். சொந்த நிலத்தில் நெல்லிக்காய்ச் செடி வளர்ப்பதற்காகவே வாழும் நிக்கலாய் என்ற குமாஸ்தாவின் கதை. நிலம் வாங்கும் ஆசை, எளிமை, மனித மகிழ்ச்சி என்றெல்லாம் கட்டுரையாளர் எழுதப் போகிறார் என்று நினைக்கிறேன். எழுதும்போது இரண்டு விஷயத்தை விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பணத்துக்காக ஒரு விதவையைக் கட்டி, அவள் பணத்தைத் தன் பெயரில் பாங்கில் போட்டு, அவளை அரைவயிற்றுக்குப் போட்டே மூன்று வருஷத்தில் சாகடித்த பிறகுதான் அவனுக்கு அந்த நிலம் கிடைக்கிறது. அப்புறம், அந்த 112 தெஸ்யாத்தினா (ருஷ்ய நில அளவு) நிலத்தைத் தரகர் மூலமாக, பழைய கடனையும் தன்மேல் ஏற்றிக்கொண்டுதான் வாங்குகிறான். ஒரு பக்கம் செங்கல் சூளை, மறுபக்கம் எலும்பு எரிக்கும் ஆலை, நடுவில் ஓடும் ஆறு காப்பி நிறம். செகாவ் அதையும் எழுதி வைத்திருக்கிறார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்,
செங்கோட்டை.